கனகவல்லி டீச்சரின் கோழியை நான் திருடவில்லை

மாடம்பாக்கம்,
தாம்பரம் கிழக்கு.
21.11.1988

கர்த்தருக்குள் பிரியமும் மரியாதையும் மிகுந்த அரக்கோணம் மச்சான் ஞானாபரணம் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ஜீவரத்தினம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் ஆண்டவர் கிருபையால் நானும் பேபியும் மகள் சுகிர்தாவும் சரீர சுகமாக இருக்கிறோம். அவ்விடம் தாங்களும், அக்காவும், அக்காவின் முழங்காலும் சுகம் என்று நம்புகிறேன். இன்லேண்டில் அடங்குகிற சமாசாரமாக இல்லாததால் கவர் வாங்கி எழுதுகிறேன். ஸ்டாம்பு போதாமல் போய்ப் போஸ்ட்மேன் உங்களிடம் கை நீட்டினால் என்னைக் கோபிக்க வேண்டாம்.

தங்கள் கார்டு கிடைத்தது. "டீச்சர் வீட்டில் யோசிக்கிறார்களாமே, நீர் என்ன செய்து வைத்தீர்?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "நீர்" எனக்கு வலித்தது மச்சான். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே எலெக்ட்ரிக் டிரெயினில் கார்டாக வேலை பார்த்தவன் நான். ஒருநாள்கூட விசில் ஊதாமல் வண்டியை எடுத்ததில்லை. ரூல்ஸ் தெரியாத ஆளா நான்? சுகிர்தாவுக்குத் தயாளன் என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது நீங்கள்தான், மறுக்கவில்லை. பையனுக்குக் காலேஜில் லேப் அசிஸ்டென்ட் வேலை. அப்பா இல்லை. அம்மா கனகவல்லி டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரானவர்கள். நாங்கள் போகிற சபைதான் அவர்களுக்கும். இதைவிட நல்ல இடம் வராது என்று எனக்கும் தெரியும். சுகிர்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தயாளன் கொயரில் நின்று பாடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாமாலைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை என்று பேபியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட சம்பந்தத்தை நானே கெடுப்பேனா? கெடுத்தது ஒரு கோழி. அதுவும் என் கோழி இல்லை. ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி உங்களுக்குச் சரியாகத் தெரியாது. ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இங்கே சொந்த வீட்டுக்கு வந்த பிறகு பின்கட்டில் ஏழு கோழியும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். வந்த வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் எங்கள் லைன் ஸ்டேஷன் பெயரை வைத்தேன். எப்போதும் சளி பிடித்துக் கொர் கொர் என்று இருப்பது சானடோரியம். அப்புறம் குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், கிண்டி, மாம்பலம். சேவல் பெயர் பீச். "மனுசனுக்கு ரிட்டயராகியும் டூட்டி முடியல" என்று பேபி சொல்வாள், சொல்லட்டும். இதில் பல்லாவரம்தான் தலைவி. சிவப்பு உடம்பு, நல்ல கனம். தீனி போட்டால் அது தின்று நகர்ந்த பிறகுதான் கிண்டி வரும், கிண்டி நகர்ந்தால்தான் மற்றவை. சானடோரியம் கடைசி. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆபீசில்கூட நான் அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை. காலையில் நான் பின்கதவைத் திறந்தால் பல்லாவரம் ஓடிவந்து என் கால் கட்டைவிரலை ஒரு கொத்து கொத்தும். அதுதான் எனக்குக் குட்மார்னிங்.

இப்படி இருக்கும்போது அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் கோயில் காம்பவுண்டில் பந்தல் போட்டு, ஜனங்கள் காணிக்கையாக வைத்த பூசணிக்காய், கரும்பு, தேங்காய், கேக் எல்லாவற்றையும் சபை செக்ரெட்டரி சம்பத் ஏலம் விட்டார். அதில் ஒரு புள்ளிக்கோழி. கறுப்பில் வெள்ளைப் புள்ளி, கழுத்து மினுமினு என்று, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. முன்வரிசையில் கனகவல்லி டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் தயாளன். நாமும் சபைக்குத் தாராளமாகச் செய்கிறவர்கள்தான் என்று வருங்காலச் சம்பந்தியம்மா பார்க்கட்டுமே என்று நானும் ஏலம் கேட்டேன். ஒருவர் எடுத்தார், "மறு ஏலம்!" என்று திருப்பிக் கொடுத்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். இன்னொருவர் எடுத்தார், அவரும் "மறு ஏலம்!" இதென்ன, வாங்குகிறவர்களுக்கெல்லாம் கோழி பிடிக்காதா, வளர்க்க இடம் இல்லையா என்று யோசித்தேன். எனக்குத்தான் இடம் இருக்கிறதே! "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சம்பத் என் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்க் கோழியை வாங்கினேன். சம்பத் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே, "அப்புறம் சார்?" என்றார். "அப்புறம் என்ன, வீட்டுக்குத்தான்" என்றேன். பந்தலில் ஒரு சத்தம் இல்லை. என் தாராளத்தைப் பார்த்து மலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன் மச்சான். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் சபை ஐயர் அன்றைக்கு நல்ல பிரசங்கம் செய்திருந்தார், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். கோழியின் காலைக் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டு, டீச்சர் முன்னாலேயே மணி அடித்துக்கொண்டு போனேன்.

அதற்கு வண்டலூர் என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் வளர்ந்தது இல்லையே, அதனால் தாம்பரத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன். பேபி பார்த்ததுமே, "புதுக்கோழிய உரலச் சுத்தி விடணும்ங்க. அப்பத்தான் வூடு தங்கும்" என்றாள். "இதெல்லாம் அஞ்ஞானம் பேபி, நாம் ஞானஸ்நானம் வாங்கினவர்கள்" என்றேன். "நாம வாங்கினோம், கோழி இன்னா வாங்கிக்கீதா?" என்று கேட்டாள். உங்கள் தங்கையிடம் பேசி ஜெயித்தவர் யார்? உரலை மூன்று சுற்று சுற்றினேன். கோழிக்குத் தலை சுற்றவில்லை, எனக்குத்தான் சுற்றியது. பிறகு பின்கட்டில் இறக்கிவிட்டேன். அடடா, அடடா! பல்லாவரம் கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்தது. வண்டலூர் மரியாதை தெரியாமல் நேராகத் தீனித் தட்டுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். பல்லாவரம் மேலே பாய்ந்து கொத்த, கிண்டி பின்னால் வந்து பிடுங்க, பழவந்தாங்கல் பக்கவாட்டில் உதைக்க, இத்தனை நாள் எல்லாரிடமும் அடி வாங்கிக்கொண்டிருந்த அந்தச் சளி பிடித்த சானடோரியம்கூட ஓடிவந்து ஒரு கொத்து கொத்தியது மச்சான்! தனக்குக் கீழே ஒரு ஆள் வந்த சந்தோஷம் அதற்கு. பீச் இருக்கிறதே, ஆம்பிளை, அது மதில்மேல் ஏறிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாவாதுங்க, வுடுங்க, ரெண்டு நாள்ல சரியாப்பூடும்" என்று பேபி சொன்னாள். ரெண்டு நாளில் வண்டலூரின் முதுகில் இறகே இல்லை. கறிக்கடையில் தொங்குகிற மாதிரி சிவந்து போயிற்று.

தனியாகக் கட்டிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டேன். சமையல்கட்டில் காலில் துணி கட்டி அம்மிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பருக்கை தின்னவில்லை. நாள் முழுக்கக் கூப்பாடு. "தனியா வெச்சா ஏங்கியே செத்துப்பூடும், அதுக்கு நாலு கோழி கூட வோணும்" என்றாள் பேபி. கூட்டத்தில் விட்டால் கொத்திச் சாகும், தனியாக விட்டால் ஏங்கிச் சாகும். நான் என்னதான் செய்வது?

இந்த லட்சணத்தில் செக்ரெட்டரி சம்பத் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "இன்னா சார் நீங்க, கோழிய எட்துகினு வந்துட்டீங்க?" என்றார். "ஏலத்தில் எடுத்தேன்யா, எடுத்துக்கொண்டு வராமல்?" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அது டீச்சரோட பாப்பா சார். வருசா வருசம் அதையேதான் காணிக்கையா வெப்பாங்க. நாங்க ஆளுக்கு ஒரு வாட்டி ஏலம் கேட்டு சபைக்கு நாலு காசு சேப்போம். கடைசியா எடுக்கறவரு டீச்சர் கையிலயே குடுத்துட்டு ஸ்தோத்திரம் சொல்வாரு, அவங்க வூட்டுக்கு எட்துகினு பூடுவாங்க. அவங்க வூட்டுக்காரரு போறதுக்கு முன்னாடி கடைசியா வாங்கினு வந்த குஞ்சு சார் அது." "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?" என்றேன். "இத்தப் போயி யாரு சார் சொல்வாங்க? எல்லாருக்கும் தெரியும்" என்றார். நான் இந்தச் சபைக்குப் புதுசு என்பது மட்டும் அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை! "சரி, டீச்சர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேனே" என்றேன். "காணிக்கையா வெச்சத எப்டி சார் வாயத் தொறந்து திருப்பிக் கேப்பாங்க? டீச்சர் சார் அவங்க" என்றார். அவர் போகும்போது, "கோழி நல்லா கீதா சார்?" என்று கேட்டார். "ராஜாத்தி மாதிரி இருக்கிறது" என்றேன். உள்ளே இருந்து ராஜாத்தி கத்தியது. பேபி ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டு அந்தச் சத்தத்தை மறைத்தாள். சமயத்துக்கு உதவுகிறவள்தான் உங்கள் தங்கை.

உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கொடுப்பது மச்சான், அந்தக் கோலத்தில்? புருஷன் ஞாபகமாக வைத்திருந்த கோழியை உரித்துக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தம்மா பெண் எடுப்பார்களா? இறகு முளைக்கட்டும், பிறகு ரிப்பன் கட்டிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். இறகு முளைக்க வேண்டுமானால் மற்றவை கொத்தாமல் இருக்க வேண்டும். கொத்தாமல் இருக்க வேண்டுமானால் வண்டலூரையும் அவை தம்மில் ஒன்றாக நினைக்க வேண்டும். எல்லாக் கோழியும் ஒரே வாசனை அடித்தால் எது புதுசு, எது பழசு என்று தெரியாமல் போகும் என்று எங்கள் பழைய டிரைவர் ஒருத்தர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு மூட்டுக்குத் தேய்க்க வைத்திருந்த யூகலிப்டஸ் தைலத்தை எடுத்து எட்டுக் கோழிக்கும் சேவலுக்கும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். எது புதுசு என்று அவைகளுக்குத் தெரியவில்லைதான். எது பழசு என்றும் தெரியவில்லை. எல்லாம் எல்லாவற்றையும் கொத்த ஆரம்பித்தன! மாம்பலம் குரோம்பேட்டையைத் துரத்தியது, மீனம்பாக்கம் பீச்சையே அடித்துவிட்டது. சானடோரியத்துக்கு மட்டும் சளி நின்று மூச்சு சீராயிற்று. இந்த அமளியில் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

ஆணிவேரையே பிடுங்கிவிடுவோம் என்று அடுத்தாற்போல் பல்லாவரத்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினேன். தலைவி இல்லாவிட்டால் மற்றவை அடங்கும் இல்லையா? பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன் சார் ஏஜிஎஸ் ஆபீசில் இருந்து ரிட்டயரானவர், பூண்டுகூடச் சேர்க்காத மனுஷர். மாமி ஸ்ரீரங்கம் போயிருந்தார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஜீவன்தானே சார், நாலு நாள் பின்பக்கம் இருந்துட்டுப் போறது" என்று பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார். ரெண்டாம் நாள் காலையில் காம்பவுண்டு சுவர்மேல் அவர் தலை தெரிந்தது. "சார்! ஓடி வாங்கோ! உங்க பல்லாவரம் துளசி மாடத்துல முட்டை போட்டுடுத்து! மாமி இன்னிக்கு மத்தியானம் பெருமாள் பிரசாதத்தோட வர்றா சார்! அவ வர்றதுக்குள்ள எடுத்துடுங்கோ, நான் உங்க கால்ல வேணா விழறேன்!" என்றார். போய் எடுத்துக்கொண்டு வந்தேன், முட்டையையும் பல்லாவரத்தையும். அந்த முட்டை மாதிரிப் பெரிய முட்டையை அது எங்கள் வீட்டில் போட்டதே இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பல்லாவரம் இல்லாத அந்த ரெண்டு நாளில் வண்டலூருக்கு விடிவு வந்ததா? அதுதான் இல்லை. கிண்டிக்குப் புரமோஷன் வந்துவிட்டது. புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லாவரமாவது பசிக்குக் கொத்தியது, கிண்டி பொழுதுபோகாமல் கொத்தியது. சரி, பழைய தலைவியே வரட்டும் என்று பல்லாவரத்தை உள்ளே விட்டேன். மச்சான், நான் எழுதுவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஏழு நாளாகவில்லை, எழுபது நாளாகவில்லை, வெறும் ரெண்டு நாள். அதற்குள் பல்லாவரத்தை ஒரு கோழிக்கும் அடையாளம் தெரியவில்லை! இது யார் புதுசாக என்று எல்லாம் சேர்ந்து அதன்மேல் விழுந்தன. கிண்டி அதன் கொண்டையைக் கிழித்து ரத்தம் வரவைத்தது. என் பல்லாவரம் ஓடிப்போய்த் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அங்கே ஏற்கெனவே வண்டலூர் ஒளிந்துகொண்டிருந்தது. வண்டலூரே, செத்தாய் இன்றைக்கு என்று நான் கொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு பல்லாவரம் மெள்ள நகர்ந்து வண்டலூரை ஒட்டி உட்கார்ந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரெண்டும் பிரியவே இல்லை. நான் தனியாக வைத்த தட்டில் ஒன்றாகத் தின்றன, கல்லுக்கு அடியில் ஒன்றாகத் தூங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் உரித்தேன் என்று பேபியிடம் சொன்னேன். "நீங்க எப்ப வெங்காயம் உரிச்சீங்க?" என்று கேட்டாள்.

இனி இறகு முளைக்கட்டும் என்று நிம்மதியாக இருக்கும்போதுதான், நீங்கள் ஏற்பாடு செய்த பெண் பார்க்கிற சனிக்கிழமை வந்து சேர்ந்தது. வண்டலூர் முதுகில் ஈ மொய்க்கிறது, வெயில் படுகிறது என்று பேபி அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள். இறக்கை நுழைய ரெண்டு ஓட்டை, வயிற்றுப் பக்கம் பிரஸ் பட்டன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் துணி? சுகிர்தா பெண் பார்க்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள எடுத்த மாம்பழக் கலர் பூப்போட்ட ரவிக்கைத் துணியில் மிச்சம் விழுந்த பிட்டு! "பொண்ணுக்கும் கோழிக்கும் ஒரே துணியாடி?" என்று கத்தினேன். "நல்ல துணிங்க, வீணாக்க மனசு வர்ல" என்றாள். சரி, கோழி பின்கட்டில், பெண் கூடத்தில், ரெண்டும் சந்திக்கப் போவதில்லை என்று பின்கதவைத் தாழ் போட்டேன்.

டீச்சரும் தயாளனும் சம்பத்தும் வந்தார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று. கோழியைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் மூச்சு விடவில்லை. சுகிர்தா கேசரித் தட்டோடு வந்து நின்றாள். "எந்தக் கீர்த்தனை பாடுவே கண்ணு?" என்று டீச்சர் கேட்டார்கள். அந்தக் குரல்தான் வினை. ஜன்னல் வழியாகவோ, சாக்கடைச் சந்து வழியாகவோ, எந்த வழியாக வந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, வண்டலூர் சமையல்கட்டுக்குள் நுழைந்து, சட்டையும் தானுமாகக் கூடத்தில் ஓடிவந்து, ஒரே எம்பில் டீச்சர் மடியில் ஏறி உட்கார்ந்தது. தட்டோடு நிற்கிற சுகிர்தாவும், மடியில் உட்கார்ந்திருக்கிற கோழியும், ஒரே பூ, ஒரே மாம்பழக் கலர். தயாளன் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டான். சம்பத் கூரையைப் பார்த்தார். டீச்சர் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி அந்த மொட்டை முதுகைப் பார்த்தார்கள். குனிந்து முகர்ந்தார்கள், தைல வாசனை. "பாப்பா, உன்னை யாரு இப்படிப் பண்ணது?" என்றார்கள். எனக்குப் பதற்றத்தில் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "பல்லாவரம்தான் டீச்சர் ஆரம்பிச்சது, அப்புறம் கிண்டி, பழவந்தாங்கல், சானடோரியம்கூட" என்றேன். "இத்தனை இடத்துக்கா கொண்டுபோனீங்க?" என்று கேட்டார்கள். டீச்சர் மறுபடியும் பட்டனைப் போட்டார்கள், கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள், "வர்றோம் சார்" என்று எழுந்தார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. ரிக்‌ஷா தெரு முனை திரும்புகிறவரை அந்த மாம்பழக் கலர் தெரிந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரமாக ஒரு தகவலும் இல்லை. நேற்றுக் கோயிலில் சம்பத்தைப் பிடித்துக் கேட்டேன். "டீச்சர் ரொம்ப யோசிச்சிகினு கீறாங்க சார். சாப்புடக்கூட மாட்டேன்றாங்களாம், அதே யோசனையாம்" என்றார். இதைத்தான் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார் போலும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் யோசிக்க என்ன இருக்கிறது? வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்ல வார்த்தை தேடுகிறார்கள். நேற்று ஆராதனையில் சுகிர்தா பாமாலைப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, மூடியபடி மடியில் வைத்திருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை மச்சான். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஊருக்குப் பெரிய மனுஷன் மாதிரி ஏலம் கேட்கப் போனேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பல்லாவரமும் கல்லுக்கு அடியிலேயே கிடக்கிறது. தட்டை வைத்தால் சுற்றிலும் பார்க்கிறது, தின்னாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆகையால் நன்றாக ஆலோசித்து முடிவு செய்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை. பெண் வீட்டில் இப்போது சௌகரியப்படவில்லை, வேறு இடம் பார்க்கிறார்கள் என்று டீச்சருக்கு நீங்களே ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். கோழியைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். நீங்கள் நேரில் புறப்பட்டு வர வேண்டாம். ஆயிரம் சொன்னாலும் சம்பந்தம் கொண்டுவந்தவர், வந்தால் நாலு வார்த்தை சொல்வீர்கள், அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. என் குடும்பத்துக் காரியத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள எனக்குத் தைரியம் இருக்கிறது. இனி இந்த ஜீவரத்தினம் எந்த ஏலத்துக்கும் போக மாட்டான், எந்தக் கோழிக்கும் பெயர் வைக்க மாட்டான்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். அக்காவின் முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் நல்லது. சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டிலும், முடிந்தால் எங்கள் பின்கட்டிலும் தங்குவாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜீவரத்தினம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம்! கடிதத்தை இன்னும் எழுதவில்லையே? எழுதியிருந்தால் கிழித்துப் போடுங்கள். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மணிச் சத்தம். டீச்சரும் தயாளனும். சைக்கிள் கேரியரில் ஒரு கூடை, கூடைக்குள் வண்டலூர், அதே சட்டை. டீச்சர் முகம் வாடிப் போயிருந்தது. "ஜீவரத்தினம் சார், ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். எங்க வீட்டுக் கோழிங்களுக்குப் பாப்பாவை ஞாபகமே இல்லை. ஒரு வாரமா அடிச்சுக் கொல்லுதுங்க. கிளாஸ்ல அறுபது பிள்ளைங்களை ஒண்ணா உட்கார வெச்சவ நான், நாலு கோழியை உட்கார வைக்க முடியலை. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. நீங்க எப்படி சார் சேத்தீங்க?" என்றார்கள். "டீச்சர், நீங்கள் யோசித்தது இதைத்தானா? அப்படியானால் மற்றது?" என்றேன். "மத்தது எது? கல்யாணமா? அதுல யோசிக்க என்ன சார் இருக்கு? கோழிக்கு நல்ல துணியில சட்டை தெச்சுப் போட்ட வீடு இது" என்றார்கள். பேபி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை அனுபவிக்க வேண்டும்.

கூடையைத் திறந்ததும் வண்டலூர் குதித்து ஓடிப்போய்க் கல்லுக்கு அடியில் நுழைந்தது. பல்லாவரம் நகர்ந்து இடம் கொடுத்தது. ரெண்டும் தட்டைக் காலி செய்தன. டீச்சர் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. வண்டலூர் தனியாகப் போனால் பிழைக்காது, ரெண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். ஆனால் வாயைத் திறந்து சொல்ல மனசு வரவில்லை மச்சான், என் பல்லாவரமாயிற்றே. பேபிதான் சொன்னாள். "பொண்ணையே குடுக்கப் போறோம், கோழிக்கு இன்னா? எட்துகினு போங்க டீச்சர்." பல்லாவரத்தை நானே பிடித்துக் கூடைக்குள் வைத்தேன். மூடுவதற்கு முன்னால் என் விரலை ஒரு கொத்து கொத்தியது. டீச்சர் ரிக்‌ஷாவில் முன்னால் போக, தயாளன் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்ததும் சுகிர்தா ஒரு நொய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஒரு பொட்டலம் கொடுக்க அத்தனை நேரமா என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் என்று சொல்லவில்லை. "இன்னாங்க, ஒரு கோழிய அனுப்புனதுக்கே இப்டி அழுவறீங்க. பொண்ண எப்டி அனுப்பப் போறீங்க?" என்று பேபி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்க உடனே புறப்பட்டு வாருங்கள் மச்சான். நாலு வார்த்தை திட்டினாலும் பரவாயில்லை. அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும், தனியாக நிற்க என்னால் ஆகாது.